காமாட்சியக்காவின் வவுனியாப் பயணங்கள்

செய்தி வந்தபோது நான் மில்லில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். கைபேசியில் காமாட்சியக்காவின் மகள் ரஞ்சினியின் பெயரைக் கண்டதும் அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். "டீச்சர், அம்மா போயிட்டா" என்றாள். அழவில்லை. "பின்னேரம் கொண்டு வந்திடுவம். வீட்டைத் திறந்து முத்தத்தைக் கூட்டிவிட ஆரும் இருக்கினமோ?" என்று மட்டும் கேட்டாள். ஒரு சாவு என்றால் கேட்காமலே பத்துப் பேர் தும்புத்தடியோடும் மண்வெட்டியோடும் போய் நிற்கிற ஊர் எங்களுடையது. அப்படியிருந்தும் அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு, "நான் போறன் பிள்ளை" என்றேன். திரும்பி வந்து பார்த்தபோது மல்லி கருகிப்போயிருந்தது. காமாட்சியக்கா இருந்திருந்தால் வாசல் படலையில் வரும்போதே மணந்து பிடித்து, என்னை ஏசிக்கொண்டுதான் உள்ளே வந்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பது வழக்கம். முன் அட்டையில் இறந்தவரின் வண்ணப் படம், உள்ளே தேவாரம், பிறகு அவர் யாருக்கு மகள், யாருக்கு மாமி, பேரப்பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்கிற விபரம். அந்தப் புத்தகங்களில் எல்லோருமே ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்து மறைந்திருப்பார்கள். காமாட்சியக்காவுக்கு அப்படி ஒன்று வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். "உள்ளதை நீங்கள் எழுதித் தாங்கோ டீச்சர். ஒளிச்சது போதும்" என்றாள். ஒளிக்காமல் எழுதுவதென்றால் அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். காமாட்சியக்காவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதோடுதான் அவர் பன்னிரண்டு வருடம் உழைத்தார், பிள்ளையைப் படிப்பித்தார், எங்கள் எல்லோரையும் விடத் தெம்பாக நடமாடினார். அந்தக் கிருமிதான் அவரைக் கொன்றது என்று ஊர் சொல்கிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் போகிற வீதியோரம் எங்கள் மில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மிளகாய்த் தூள், கறித்தூள், வறுத்த அரிசிமா. ஏழு பெண்கள் சேர்ந்து நடத்துவது. முன்பள்ளியில் படிப்பித்த பாவத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். இன்றுவரை எல்லோருக்கும் நான் டீச்சர்தான். காமாட்சியக்கா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வன்செயலுக்குப் பயந்து ஓடிவந்த தகப்பனின் தோளில் ஏறி, ஐந்து வயதில் வன்னிக்கு வந்தாராம். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து, குளத்துக்குக் கீழே வயல் கிடைத்து வந்தது. அவர்களும் வந்தவர்கள், நாங்களும் வந்தவர்கள். ஆனாலும் எங்கள் ஆட்கள் அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

மில் தொடங்கிய முதல் கிழமை, யாழ்ப்பாணத்துத் தூள் என்று பெருமையடித்துக்கொண்டு நானே வறுக்க நின்றேன். அம்மா சொல்லி எழுதிய கொப்பி ஒரு கையில், அகப்பை மறு கையில். மிளகு எத்தனை நிமிடம், பெருஞ்சீரகம் எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வறுத்தேன். மூன்று சட்டித் தூளும் கசந்தது. பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்த காமாட்சியக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார். "டீச்சர், அந்தக் கொப்பியக் கீழ வைங்க. சீரகம் மணிக்கூடு பார்க்காதுங்க" என்றார். கண்ணை மூடி, சட்டிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய், சற்று நின்று, "இப்ப எறக்குங்க" என்றார். அன்றிலிருந்து வறுக்கிற வேலை அவருடையதாயிற்று. மல்லாவிச் சந்தையில் எங்கள் பொதியில் ஒட்டியிருக்கிற பெயரை ஒருவரும் வாசிப்பதில்லை. அந்த அக்கா வறுக்கிற தூள் என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. அதை அவரிடமே சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிக்கிட்டுப் போகும்போது, எங்கே போகிறீர்கள் என்று நேராகக் கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். அதனால் "தூரமோ?" என்று கேட்போம். கேட்பது அந்த ஒரு சொல்தான். ஆனால் எங்கே, ஏன், எந்த பஸ்ஸில் திரும்புவது, கையில் இருக்கிற பைக்குள் என்ன என்பதெல்லாம் தெரியாமல் விடமாட்டோம். காமாட்சியக்கா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு செவ்வாய்க்கிழமையில், விடிய வெள்ளெனவே பஸ் ஏறி வவுனியாவுக்குப் போவார். பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். எங்களோடு மில்லில் பொதி ஒட்டுகிற சிவமலருக்குக் கண்ணாடி மாற்றப் போவதாகச் சொன்னார். இன்னொருத்திக்குப் பல்லு. இன்னொருத்திக்குக் கோயில் நேர்த்தி. எனக்கு, வவுனியாவில் புடவைக் கடையொன்றில் வேலைசெய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்த ரஞ்சினிக்குத் தூளும் ஊறுகாயும் கொண்டுபோவது. யாருக்கு எதைச் சொன்னார் என்பதை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. சிவமலர் எதிரே வந்தால் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை நானும் பிரஷருக்காக வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நம்பர் துண்டு எடுக்கிற வரிசையில் நின்றபோது, கட்டடத்தின் ஒரு கரையில் தனியாக இருக்கிற கிளினிக்கின் கதவைத் திறந்துகொண்டு காமாட்சியக்கா வெளியே வந்தார். அது என்ன கிளினிக் என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரை அவர் காணப்பட விரும்பாத இடத்தில் கண்டுவிட்டால், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, காணாத மாதிரிப் போய்விடுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. எனக்கு அந்த மரியாதையும் அன்று வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். அவரே நேரே வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் கன்ரீனில் இருத்தினார்.

"பத்து வருசமாச்சு டீச்சர்" என்றார். கணவர் கொழும்புக்கும் வன்னிக்கும் லொறி ஓடியவர். அவர் நோயும் வருத்தமுமாகக் கிடந்து இறந்த மாதமே இவருக்கும் இரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். "ரஞ்சினிக்கு இல்லைங்க. ரெண்டு தரம் பார்த்துட்டாங்க" என்று அவசரமாகச் சொன்னார். நான் கணவரைப் பற்றி ஏதோ கோபமாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "அவரு சேல கொண்டாந்தாரு, வாங்கிக்கிட்டேன். புள்ளையக் குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். இதையும் வாங்கிக்கிட்டேன். செத்த மனுசனோட என்னா சண்ட?" என்றார். பிறகு எழும்பிப்போய் இரண்டு கோப்பை தேத்தண்ணி வாங்கி வந்து ஒன்றை என் முன்னால் வைத்தார். "எங்கையால கொண்டாந்திருக்கேன். குடிப்பீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கண் என் கையிலேயே இருந்தது.

நான் குடித்தேன். கடைசித் துளிவரை குடித்தேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்று, உப்பும் மஞ்சளும் கரைத்த சுடுநீரால் மூன்று தரம் வாய் கொப்பளித்தேன். இதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. சிவமலரையும் மற்றவர்களையும் பற்றிக் கீழே எழுதப்போகிறேன் என்பதால், முதலில் என்னைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

அடுத்த முறை அவரே என்னை அந்தக் கதவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒரு தாதி இருந்தார். என் பயத்தை முகத்தில் பார்த்திருப்பார் போல. "இவா ஒழுங்கா மருந்து எடுக்கிறா. இப்பிடியே எடுத்தால் எங்களை விடக் கனகாலம் இருப்பா. இவாவிட்டை இருந்து இப்ப ஒருத்தருக்கும் தொத்தாது. தேத்தண்ணியாலை, தொடுறதாலை, நுளம்பாலை, கக்கூசாலை எப்பவும் வராது. மருந்தை விட்டால்தான் ஆபத்து, அதுவும் இவாவுக்குத்தான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். வரும் வழியில் காமாட்சியக்கா தன் மருந்துக் குளிசைகளை எங்கள் மில்லின் கறித்தூள் டப்பாவுக்குள்தான் வைத்திருப்பதாகச் சொன்னார். "எல்லாரு வீட்டுலயும் இருக்கிற டப்பா. யாரு டீச்சர் தொறந்து பார்க்கப் போறாங்க?" என்றார். விளக்கு வைத்ததும் ஒரு குளிசை. பத்து வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லையாம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் நல்லது செய்ய நினைத்தேன். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்தால் காமாட்சியக்கா பொய் சொல்லிப் பஸ் ஏற வேண்டியிராது என்று நினைத்தேன். சுகாதாரப் பகுதியில் கேட்டு ஒரு உத்தியோகத்தரை அழைத்து, மில்லில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தேன். அவர் நன்றாகவே சொன்னார். படங்களும் காட்டினார். காமாட்சியக்கா அந்த நேரம் பின் கொட்டிலில் வறுத்துக்கொண்டிருந்தார். சட்டியை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார். உத்தியோகத்தர் போன பிறகு, தேத்தண்ணி குடிக்கும்போது, சிவமலர்தான் தொடங்கினாள். "டீச்சர் ஏன் இப்ப இந்தக் கூட்டம் வைச்சவா? சும்மா வைக்கிற ஆளில்லையே."

"எங்களுக்குள்ளை ஆருக்கும் இருக்கோ?" என்றாள் இன்னொருத்தி, சிரித்துக்கொண்டு, பகிடியாகத்தான். பிறகு பகிடி நின்றுபோயிற்று. "செவ்வாய்க்கிழமையிலை வவுனியாவுக்குப் போறது ஆர்?" "காமாட்சியக்கா கண்ணாடி மாத்தவெல்லோ போறவா." "எனக்குப் பல்லுக் கட்ட எண்டு சொன்னவா." "எனக்குக் கோயில் நேர்த்தி எண்டு..." ஒவ்வொருத்தியாகத் தன் கையில் இருந்த பதிலை நடுவில் வைத்தாள். ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சிவமலர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், உங்களுக்கு என்ன சொன்னவா?" என்று கேட்டாள். கண்ணாடி என்று நான் சொல்லியிருக்கலாம். பல்லு என்றாலும் சரி. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்த வாய், தேவைப்பட்ட அந்த ஒரு நேரத்தில் திறக்கவில்லை. மூலையில் இருந்த மல்லிச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் காமாட்சியக்கா வீட்டிலிருந்து ஒரு சில்வர் கப் கொண்டுவந்தார். சுவரில் ஆணி அடித்து எங்கள் ஏழு பேரின் கோப்பைகளும் தொங்கும். அவர் தன்னுடையதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, சில்வர் கப்பைப் பின் கொட்டில் யன்னலில் வைத்தார். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சங்கடத்தை எங்களுக்கு வைக்காமல் அவரே செய்துவிட்டார். சிவமலர் கெட்டவள் இல்லை. அவளுடைய மகள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள், கைக்குழந்தை இருக்கிற வீடு என்று பயந்தாள். "கையிலை வெட்டுப்பட்டு ரத்தம் தூளிலை விழுந்தால் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் வராது என்று நான் சொன்னேன். சொன்ன குரலில் பலம் இருக்கவில்லை. அந்த மாதமே மல்லாவியில் ஒரு கடைக்காரர் பொதிகளைத் திருப்பி அனுப்பினார். காரணம் எழுதவில்லை.

நான் பின் கொட்டிலுக்குப் போய், "கொஞ்ச நாளைக்கு வறுக்கிறதை விட்டிட்டு, வெளியிலை மிளகாய் காயப்போடுற வேலையைப் பாருங்கோ அக்கா. கதை அடங்கட்டும்" என்றேன். எங்களோடு மனம்விட்டுப் பேசும்போது அவர் வாயில் ஆமா என்றுதான் வரும். கடையில், அரசாங்கக் கந்தோரில், அந்நியரோடுதான் ஓம் என்பார். அன்று என்னைப் பார்த்து, "ஓம் டீச்சர்" என்றார். பிறகு வெயிலில் போய்க் குந்திக்கொண்டு மிளகாய்க் காம்பு கிள்ளினார். கதை அடங்கவில்லை. அவரை உள்ளே கூப்பிடுகிற நாளும் வரவில்லை. அவரளவுக்கு ஒருவருக்கும் வறுக்கத் தெரியாமல் தூளும் கெட்டது.

அந்த நேரம்தான் ரஞ்சினிக்குக் கல்யாணம் பேசியிருந்தது. வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கிற சுதாகர், அவளை விரும்பிக் கேட்டு வந்த பெடியன். காமாட்சியக்காவுக்கு அந்தக் கல்யாணம்தான் உயிர். தன் நோய் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் தாலி ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒருநாள் மிளகாய்ப் பாயருகே இருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னார். "போன செவ்வாக்கெழம அந்தக் கதவால வெளிய வாறேன். மாப்பிள்ளையோட அம்மா ஆஸ்பத்திரிக்கு முன்னாலதான் பழக்கடை போட்டிருக்காங்க. என்னைக் கண்டதும் மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க டீச்சர். பிடிக்காமத்தான் திருப்பினாங்க. இன்னொரு தரம் கண்டாங்கன்னா எல்லாம் முடிஞ்சிரும்." ஆவணியில் கல்யாணம். இன்னும் நான்கு மாதம்தான். அதுவரை அந்தப் பக்கம் போகாமல் இருந்துகொள்கிறேன் என்றார். நான் ஒரு புத்திசாலி அல்லவா, உடனே வழி சொன்னேன். "யாழ்ப்பாணத்திலையும் கிளினிக் இருக்குத்தானே அக்கா. அங்கை மாத்துங்கோ." சரி என்று தலையாட்டினார். வவுனியாக் கிளினிக்கிலிருந்து அழைத்துக் கேட்டபோது அதே பதிலைத்தான் அவர்களுக்கும் சொன்னாராம். யாழ்ப்பாணத்துக்கு அவர் போகவே இல்லை.

ஆவணிக்கு முன்னர் சுதாகரின் தாத்தா இறந்துபோனார். ஒரு வருடம் கழித்து வரும் ஆட்டைத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் நல்ல காரியம் செய்ய முடியாது. நான்கு மாதம் பதினாறு மாதமாயிற்று. காமாட்சியக்கா வீட்டையும் மில்லையும் தவிர அநேகமாக எங்கும் போகவில்லை. சந்தைக்குப் போக எப்போதாவது தரிப்பிடத்துக்கு வந்தால், யாரும் அவரிடம் தூரமோ என்று கேட்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சற்றுத் தள்ளி நின்று பஸ் வருகிற திசையைப் பார்ப்பார்கள். கேட்கிறார்களே என்று அத்தனை வருடம் பயந்தவர், கேட்காமல் விட்டபோது என்ன நினைத்தாரோ தெரியாது. நானும் கேட்கவில்லை. யாழ்ப்பாணம் போனீர்களா, மருந்து எடுக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டிருந்தால் போதும். எங்கள் வீட்டில் நேற்று என்ன கறி என்றுகூடக் கேட்கிற ஊர் இது. அந்த ஒன்றைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னரே இருமல் வந்தது. மெலிந்தார். மிளகாய்த் தூசு என்று சொன்னார், நாங்களும் அப்படியே நம்பினோம். நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது. வேலைக்கு வராமல் விட்ட ஐந்தாம் நாள் ரஞ்சினி லீவு போட்டு வந்து பார்த்து, வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கறித்தூள் டப்பா வெறுமையாக இருந்ததாம். கழுவிக் காயவைத்துக் கவிழ்த்து வைத்திருந்தாராம். சயரோகம் நெஞ்சையும் தாண்டி மூளைக்குப் போய்விட்டது என்று வைத்தியர் சொன்னார். மருந்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் இது வந்திராது என்றும் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் அவரை யாரும் தள்ளி வைக்கவில்லை. எல்லோரும் தொட்டுத்தான் பார்த்தார்கள்.

செய்தி வந்த அன்று பின்னேரம் பெட்டியில் அவர் வந்தார். அதற்குள் நான் முற்றம் கூட்டியிருந்தேன். பாதியில் யாரோ பின்னால் கூட்டுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், சிவமலர் தும்புத்தடியோடு நின்றாள். முற்றம் முழுக்கக் கூட்டினாள். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. ஊர் ஆட்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். மரணச் சங்கத்தில் பொறுப்பாக இருக்கிற பெரியவர் ஒருவர் வந்து, "பெட்டியைத் திறக்க வேண்டாம். இந்த வருத்தத்துக்குத் திறக்கக்கூடாதெண்டு சுகாதாரக்காரர் சொல்லியிருக்கினம்" என்றார். எந்தச் சுகாதாரக்காரரும் அப்படிச் சொல்லவில்லை. ரஞ்சினி பெட்டியின் மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தாள். திறக்காவிட்டால் வாய்க்கரிசி போட முடியாது. சுடலைக்குப் போகாத பெண்கள் இறந்தவருக்குச் செய்வது அந்த ஒன்றுதான்.

சுதாகர்தான் எழும்பினான். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மூடியைத் தூக்கிச் சுவரில் சாத்தினான். ரஞ்சினி அரிசி போட்டாள். அவளுக்குப் பின்னால் சுதாகரின் தாய் வந்து, குனிந்து, காமாட்சியக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டு அரிசி போட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரைத் தனியே கூட்டிக்கொண்டுபோய், "அக்காவுக்கு என்ன வருத்தமெண்டு உங்களுக்குத் தெரியுமோ அம்மா?" என்று கேட்டேன்.

"கல்யாணக் கதை தொடங்கேக்கையே ரஞ்சினி தம்பி சுதாகருக்குச் சொன்னவ. தம்பி எனக்குச் சொன்னவன்" என்றார். "எங்களுக்குத் தெரியுமெண்டது தாய்க்கு மட்டும் தெரியக்கூடாதெண்டு பிள்ளை எங்களிட்டைச் சத்தியம் வாங்கினது. தெரிஞ்சால் கூச்சத்திலை வீட்டுப்பக்கமே வரமாட்டா எண்டது. நான் கடையிலை நிண்டு நாலைஞ்சு தரம் கண்டிருக்கிறன், பாவம், சுத்திச் சுத்திப் பார்த்துக்கொண்டு வெளியாலை வருவா. என்னைக் கண்டால் வெக்கப்படுவா எண்டு நான் மற்றப் பக்கம் திரும்பி நிப்பன்." இதைச் சொல்லிவிட்டு, "கனநாள் காணேல்லை. வேறை இடத்திலை மருந்துக்குக் காட்டுறா எண்டு நினைச்சன்" என்று அழுதார். அந்தத் தாய் திருப்பிய முகம் மரியாதை. எங்கள் ஊரிலேயே வளர்ந்த காமாட்சியக்காவுக்கு அது தெரியாததல்ல. ஆனால் நாங்கள் அவரைப் படுத்திய பாட்டில், ஒருவர் தன்னிடம் மரியாதை காட்டக்கூடும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அவருக்குச் சரியாகச் சொல்லியிருக்கக்கூடியவள் நான். மிளகாய்ப் பாயருகே என்னிடம்தானே சொன்னார்.

பெட்டியை எடுக்கும்வரை மூன்று பேர்தான் அரிசி போட்டோம். மூன்றாவது நான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு ரஞ்சினி அலுமாரியைத் திறந்து வைத்துவிட்டு, "அம்மான்ரை ஞாபகமா என்னவும் எடுங்கோ டீச்சர். சேலை எண்டாலும் சரி" என்றாள். வேண்டாம் பிள்ளை என்றேன். அவள் வருத்தப்பட்டாள். எனக்கு அவரிடமிருந்து ஏற்கனவே ஒன்று கிடைத்திருக்கிறது என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. அவள்தானே ஒளிக்காமல் எழுதச் சொன்னாள், இங்கே எழுதுகிறேன்.

இறப்பதற்கு மூன்று நாள் முன்னர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கூட்டம் வைத்தது, சிவமலர் கேட்டபோது வாய் திறக்காமல் நின்றது, வெயிலில் இருத்தியது, ஒன்றும் கேட்காமல் விட்டது என்று எல்லாவற்றையும் பஸ்ஸில் வவுனியா வரை பாடமாக்கிக்கொண்டு போனேன். காமாட்சியக்காவுக்குப் பேச மூச்சு வரவில்லை. கையை அசைத்துக் கிட்ட வரச் சொன்னார். முகக்கவசத்தோடு குனிந்தேன். "டீச்சர், எம்மால மில்லுக்குக் கெட்ட பேரு வந்திருச்சு. ஒங்களுக்கும்தான். மன்னிச்சிக்குங்க" என்றார். என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடமாக்கியதில் ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. கையைத் தடவிக்கொடுத்து, "பரவாயில்லை அக்கா" என்றேன்.

அவருக்கு ஆறுதலாக இருந்தது போல. கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரை மன்னித்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.